குனிந்து பொறுக்கும் கழகம்

எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாணவர்களே நடத்தும் சுற்றாடல் கழகம் தொடங்குவதென்றால் முதலில் வேண்டியது பிளாஸ்டிக். பெனர் அடிக்க வேண்டுமே! அதில் பாராளுமன்ற உறுப்பினர் பெரிதாக, அதிபர் கொஞ்சம் சின்னதாக, மூலையில் ஒரு பச்சை இலை. மாணவர் தலைவன் படம் எங்கே என்கிறீர்களா? அவன் பெனரைக் கட்ட மரத்தில் ஏறியிருக்கிறான். கதிரை அடுக்குவது, பிரமுகரின் வாகனம் வரும்வரை வெயிலில் நிற்பது, மாலைத் தட்டு ஏந்துவது எல்லாமே மாணவர் தலைமையில்தான் நடக்கும். குழிகூடப் புதிதாக வெட்டத் தேவையில்லை. போன சுற்றாடல் தினத்தில், ஜூன் 5இல், வெட்டியது அப்படியே கிடக்கும், கன்றுதான் இருக்காது.

மத்திய சுற்றாடல் அதிகார சபை 1981இல் வந்தது. மாணவர்களுக்குச் சுற்றாடல் முன்னோடி என்று பெயர் கொடுத்து, ஜனாதிபதி பதக்கம் வரைக்கும் ஏற ஏணியும் வைத்திருக்கிறார்கள். ஏணியில் குற்றமில்லை. ஏறுகிற பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. குனிந்து லன்ச் சீட்டும் டொபித்தாளும் பொறுக்கலாம். நிமிர்ந்து மலையைப் பார்க்கக் கூடாது.

பார்த்தால் என்ன தெரியும்? அந்தப் பக்கம் நக்கிள்ஸ். 5000 அடிக்கு மேலே காட்டைத் தொடாதீர்கள் என்று 1873இல் லண்டன் கியூ தோட்டத்து ஹூக்கர் சொல்லியனுப்பினார். அதற்குக் கீழே கோப்பிக்காக ஏற்கெனவே மழித்தாயிற்று. 1869இல் வந்த இலைத்துரு நோயில் கோப்பி செத்தது, தேயிலை ஏறியது. மிச்சமிருந்த காட்டை 2000இல் பாதுகாப்பு வனமாக்கினார்கள், 2010இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மலையை மழித்தவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் மரியாதையான இடம். அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கும் லயத்துக் கிழவிக்குக் கழகத்தின் விழிப்புணர்வுக் கருத்தரங்கில் காடழிப்பவள் என்று பட்டம். நல்ல கணக்கு.

முதல் கூட்டத்திலேயே ஒரு பிள்ளை எழும்பி, "மலையில மருந்தடிச்சா அந்தத் தண்ணி எங்க பீலிக்குத்தானே வருது, சேர்?" என்று கேட்டுவிட்டால் சேருக்கு உடனே இருமல் வரும். களைநாசினியான கிளைபோசேட்டுக்கு 2015இல் தடை. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் அந்தத் தடை விலகியது. மருந்து டாங்கியை முதுகில் சுமப்பவனின் அபிப்பிராயம் இரண்டு தீர்மானத்திலும் யாருக்கு வேண்டியிருந்தது? அவன் மகனுக்குத்தான் இப்போது "நீரைக் காப்போம்" என்று கட்டுரைப் போட்டி வைக்கிறோம். அவன் லயத்தில் பத்துக் குடும்பம் ஒரே பீலியில் வரிசை நிற்கிறது. தண்ணீரை வீணாக்காதே என்று அவனுக்கே சொல்லிக்கொடுக்க என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

இன்னொருத்தி லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறதென்று சொன்னால்? அது "அனர்த்த முகாமைத்துவம்", கழகத்தின் விடயப்பரப்பில் வராது. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்தார்கள். கடிதம் கோப்பில் படுத்தது. 2014 அக்டோபர் 29 காலை லயங்களே மண்ணுக்குள் போயின. பாடம் படித்தோமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை உட்பட மலைநாடெங்கும் மலை இறங்கியது, நாட்டில் 600க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிகிற மண்ணில் பிள்ளையைக் குடிவைத்துவிட்டு, அதன் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, மண்ணரிப்பைத் தடு என்கிறோம்.

2018 ஆகஸ்டில் ஸ்வீடன் பாராளுமன்ற வாசலில் பதாகையோடு தனியாக உட்கார்ந்த 15 வயது கிரேட்டா துன்பேர்க்கின் படத்தைக் கழக அறையில் ஒட்டுவார்கள், அதில் சந்தேகமில்லை. நம் பிள்ளை ஒருத்தி அதே மாதிரி துரை பங்களா வாசலில் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த நாள் கொழுந்து எவ்வளவு நிறுத்தாலும் அவள் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளந்தான், விழும்.

உண்மையிலேயே மாணவர் தலைமை வேண்டுமென்றால் மினிட்ஸ் புத்தகத்தையும் பேனாவையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு விலகுங்கள். பீலித் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம். மண்மேட்டைப் பார்க்கச் சொல்லித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம். பிரதி தோட்டத் துரைக்கு. பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளில் சொல்லியாக வேண்டும். அப்படிக் கேட்க இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். 1948இல் இவர்களின் பாட்டன் பூட்டனிடம் பறித்த பிரஜாவுரிமையில் எஞ்சிய கடனையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்த்துவிட்டதாக நீங்கள்தானே மேடை போட்டுச் சொன்னீர்கள்? ஆகவே, ஐயாமாரே, அந்தச் சாக்கும் இப்போது உங்கள் கையில் இல்லை.