சாமி படத்துக்கு வியர்ப்பது ஏன்? – ஜார்ஜ்டவுன் படச்சட்டங்கள் குறித்து ஒரு முன்னாய்வு

ஆய்வுச் சிக்கல்: பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அறிஞர்கள், கண்ணாடிக்குள் இருக்கும் முருகன் காலடியில் ஈரக்கறை ஏறுவது ஏன் என்பதைக் கண்டுகொள்வதே இல்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

வரலாறு: 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது, கடவுளர் மலிவு விலையில் கூடத்துச் சுவருக்கு வந்தனர். அதே 1894இல்தான் பினாங்குத் தைப்பூசத்துக்கு நகரத்தாரின் வெள்ளிரதம் கப்பலேறி வந்தது. இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், இத்தனை அழகாகப் பொருந்தும் ஆண்டை எந்த ஆய்வாளனும் கைவிடமாட்டான்.

கருதுகோள் 1, சுவர்: பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இந்த ஈரமும் சேர்ந்தே மரபுரிமை ஆனது என்பது எம் துணிபு. சட்டத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் அவ்வளவும் படத்தின் முதுகுக்குத்தான். கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்று புகும்.

கருதுகோள் 2, சட்டம் போடும் கடை: சட்டக்கட்டையை 45 பாகையில் அறுக்கவேண்டும். எட்டு வெட்டிலும் அரைப் பாகை தப்பினால், கடைசி மூலை நாலு பாகை வாயைப் பிளக்கும். மரத்தூளும் கோந்தும் குழைத்து அந்த வாயை அடைப்பர். ஆனால் சட்டத்தின் உயிர் மூலையில் இல்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை தரும் ஒன்றரை மில்லிமீட்டர் வெற்றிடத்தில் இருக்கிறது. அது இல்லையேல் ஈரத்தில் தாள் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அட்டை அமிலமற்றதாக இருப்பது நலம். மட்டமான அட்டை படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும்.

களச்சான்று: தங்கப்பூச்சுச் சட்டத்தை அரைமணி நேரம் தேர்ந்தெடுத்த அம்மையார் ஒருவர், விலை கேட்டதும் முதலில் வெட்டியது அட்டையைத்தான்.

“அட்டை இல்லாட்டி முருகன் கண்ணாடியில ஒட்டிக்குவாருக்கா.”

“ஒட்டிக்கட்டும் தம்பி. அப்பத்தான் நம்ம வீட்டை விட்டுப் போகமாட்டாரு.”

பொருளறிவியல் இதற்கு இன்னும் மறுமொழி கண்டபாடில்லை.

கருதுகோள் 3, பக்தி: மேற்கண்ட இரண்டும் உண்மையே எனினும், கறை ஏன் காலடியில் மட்டும் தொடங்குகிறது என்பதை விளக்கவில்லை. வியாழன் மாலை பூஜையறையில் நின்று பார்த்தோர்க்கு விளங்கும். ஈரத்துணியால் கண்ணாடி துடைக்கப்படுகிறது. குழைத்த சந்தனம் வைக்கப்படுகிறது. மிச்ச நீர் வழிந்து, கண்ணாடி அமர்ந்திருக்கும் கீழ்க்காடியில் இறங்குகிறது. தாள் அதை விளக்குத்திரிபோல் உறிஞ்சி மேலேற்றுகிறது. காலடியைவிட்டு வேல் வரை ஏற அதற்குச் சில ஆண்டுகளே போதும்.

முடிவு: சாமிக்கு வியர்க்கவில்லை, வாராவாரம் நாம்தான் குளிப்பாட்டுகிறோம்.

பரிந்துரை: தங்கப்பூச்சில் மிச்சம் பிடித்து அட்டைக்குக் கொடுக்க. சந்தனத்தைச் சட்டத்தின் மேல்விளிம்பில் வைக்க. அபிஷேகம் செய்தே தீரவேண்டும் என்போர் கருங்கல்லிலோ பித்தளையிலோ விக்கிரகம் வாங்குக. தாளில் எழுந்தருளியவருக்கு உலர்ந்த துணியே நீராட்டு.