விடுப்பு விண்ணப்பம்

அனுப்புநர்: ஏழாம் வகுப்பு மாணவனின் தகப்பன், மயிலாப்பூர்.

பெறுநர்: உயர்திரு நிர்வாகி அவர்கள், தெருமுனைப் பயிற்சி மையம், முதல் மாடி.

பொருள்: மாலையில் ஒரு மணி நேரம் விடுப்பு கோருதல் – தொடர்பாக.

பார்வை: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதல், ஜனவரி 2024.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட வழிகாட்டுதல், 16 வயது நிரம்பாதவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. தாங்கள் அதை எழுத்துப் பிசகாமல் மதிப்பவர். என் மகனுக்கு வயது 12. ஆகவே அவனைக் கோச்சிங்கில் சேர்க்கவில்லை, 'ஃபவுண்டேஷனில்' சேர்த்தீர்கள். வார விடுமுறைக்கு மறுநாள் தேர்வு கூடாது என்றும் அதில் இருக்கிறது. தாங்கள் வைப்பதில்லை. விடுமுறையன்றே வைத்துவிடுகிறீர்கள்.

2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியபோது, அந்த ஜீவன் நாதியற்று நடுத்தெருவில் நின்றது. கூப்பிட்டுச் சோறு போட்டு வளர்த்தவர் தாங்கள். இப்போது அது எங்கள் வீட்டிலும் வளைய வருகிறது. பங்குனியில் அறுபத்துமூவர் பார்க்க மகனை மாட வீதிக்கு அழைத்துப் போனேன். நாயன்மார்கள் பல்லக்கில் வரிசையாக வந்தார்கள். நீர்மோரும் கையுமாக நின்றவன் கேட்டான்: "இதுல டாப்பர் யாருப்பா?" வேடர், குயவர், அரசர் என்று எல்லோரும் இருக்கிறார்கள், கபாலீஸ்வரர் யாருக்கும் கட்-ஆஃப் போடவில்லை என்றேன். அவன் நம்பவில்லை.

1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, குழந்தையை அதன் போக்கில் கற்கவிடுங்கள் என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயர் தங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பலகையாகத் தொங்குகிறது. மூன்று வயதில் கீழே நுழையும் பிள்ளை, 12 வயதில் மாடியேறித் தங்களிடம் வந்துவிடுகிறது. லிஃப்ட் கூடத் தேவைப்படவில்லை.

தங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எதிர்வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்த மறுநாளே மூன்று தவணைக்கும் செக் கொடுத்தவன் நான். சேர்க்கைப் படிவத்தில் 'மாணவரின் விருப்பம்' என்றொரு கட்டம் இருந்தது. அதையும் நானே நிரப்பினேன்.

எனவே, தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை நாகேஸ்வரராவ் பூங்காவில் சும்மா சுற்றிவர என் மகனுக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான் என்று உறுதி கூறுகிறேன். முட்டியைச் சிராய்த்துக்கொள்வது, சண்டை போட்டுச் சமாதானமாவது, தோற்றுவிட்டு மறுநாளும் போவது போன்றவை பாடத்திட்டத்தில் இல்லாததால் கணக்கில் வரா.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கட்டணம் செலுத்திய தகப்பன்.

இணைப்பு: 'மாணவரின் விருப்பம்' – திருத்திய படிவம். இம்முறை அவனே எழுதியது. கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறான்.