பாரிஸ் போற பேத்திக்கு

"அங்க எல்லாரும் சிம்பிளாத்தான் உடுத்துவாங்க தாத்தா"ன்னு சொல்ற பாரு தாயி, அதுலயே உன்னை ஏமாத்திப்புட்டாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்துட்டு, காரைக்கால்ல உக்காந்து பென்ஷன் வாங்குறவன் சொல்றேன், கேட்டுக்க. தலையைச் சீவாத மாதிரி சீவுறதுக்கு அங்க ஒரு மணி நேரம் ஆவும். சட்டை கசங்கித்தான் கெடக்கும். விலையைக் கேட்டா நமக்குத்தான் வேர்க்கும். மெனக்கெட்டது வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமாம்.

அந்த நாகரிகம் யார் வீட்டுச் சொத்துன்னு நெனைக்கிற? நம்ம சோழமண்டலக் கரையிலேருந்து பூப்போட்ட பருத்தித் துணி கப்பலேறிப் போச்சு. அந்த ஊர்ப் பொம்பளைங்க பித்துப் பிடிச்சு வாங்கினாங்க. உள்ளூர்ப் பட்டும் கம்பளியும் படுத்துடும்னு 1686-ல ராஜா தடை போட்டான். 1759 வரைக்கும் தடை. தடைன்னதும் ஆசை கூடிப்போச்சு, கள்ளத்தனமா வாங்கிச் சீமாட்டிங்களே உடுத்தினாங்க. தடை நீங்கின மறு வருஷமே பாரிஸ் பக்கம் ழுயிங்கிற ஊர்ல அந்த அச்சு வேலைக்குப் பட்டறை போட்டவன் ஓபர்காம்ஃப், ஜெர்மன்காரன். 1858-ல பாரிஸ்ல கடை தொறந்து சீமாட்டிங்களை வரிசையில நிக்க வச்ச தையக்காரன் வொர்த், இங்கிலீஷ்காரன். நீ போட்டோ எடுத்துப் போடப்போற குருவாசான் ரொட்டி ஆஸ்திரியாவுலேருந்து வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு பரிமாறத் தெரிஞ்ச ஆளுங்க. அந்தச் சாமர்த்தியத்தை வேணா படிச்சிட்டு வா, பீஸ் கட்டுறது வீண்போவாது.

ஜீன்ஸ் போடாதேன்னு உங்கப்பன் குதிக்கிறான்ல? பொம்பளை கால்சட்டை போடணும்னா போலீசுல அனுமதி வாங்கணும்னு பாரிஸ்லயே 1800-ல உத்தரவு இருந்துச்சுன்னு சொல்லு. பின்னால கொஞ்சம் மனசு இறங்கி, கையில சைக்கிளோ குதிரைக் கடிவாளமோ இருந்தா போட்டுக்கலாம்னாங்க. அந்த உத்தரவு செல்லாதுன்னு அரசாங்கம் வாயைத் தொறந்து சொன்னது 2013-ல. உங்கப்பனுக்கு இன்னும் டயம் இருக்கு.

1947 பிப்ரவரியில தியோர்ங்கிற பாரிஸ் தையக்காரன் ஒரு உடுப்பு காட்டினான். இடுப்பு ஒரு பிடி, பாவாடை மட்டும் கஜம் கஜமா. சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆவல, ரொட்டிக்கே ரேஷன். அதைப் போட்டுக்கிட்டு மாடல் பொண்ணுங்க மோன்மார்த்ர் மேட்டுல ருய் லெபிக் சந்தைக்குப் போட்டோ எடுக்கப் போனாளுங்க. காய்கறிக்காரிங்க பாத்தாளுங்க. கையில பிடிச்ச துணியை விடல, இழுத்துக் கிழிச்சுத்தான் அனுப்பினாளுங்க. அவளுங்க மேல எனக்குத் தனி மரியாதை. ஆனாலும் அந்தப் பாவாடை உலகத்தைச் சுத்தி வந்துடுச்சு, அது வேற கதை.

சோத்துக்கு வா. கடைக்குள்ள காலை வச்சதும் பொன்ழூர் சொல்லு. சொல்லாட்டியும் சாப்பாடு வரும், சர்வர் முகம் வராது. நின்னுக்கிட்டுக் குடிச்சா காப்பி ஒரு விலை, வாசல்ல உக்காந்து குடிச்சா வேற விலை. நாற்காலி அத்தனையும் தெருவைப் பாத்து இருக்கும். போறவ செருப்பு என்ன, வர்றவ கொண்டை என்னன்னு எடை போடத்தான். நம்ம ஊர்த் திண்ணையில உங்க அப்பாயி ஓசியிலேயே செய்யுற வேலை.

வெறுமனே தண்ணின்னு கேட்டா பாட்டிலைத் தொறந்து பில்லுல ஏத்திடுவான். குழாய்த் தண்ணின்னு கேளு, குடுவையில காசில்லாம வரும்.

காசு கொறஞ்சா பூயோன் கடைக்குப் போ. கூலிக்காரங்களுக்கு மலிவா சூப்பும் கறியும் போடணும்னு துய்வாலுங்கிற கசாப்புக்காரர் 1850-கள்ல ஆரம்பிச்ச வழக்கம். ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவுல ஷார்த்தியேங்கிற பூயோன் கடை 1896-லேருந்து நடக்குது. முன்னபின்ன தெரியாதவன் பக்கத்துல உக்கார வைப்பாங்க, மூஞ்சியைச் சுளிக்காத. ரொட்டியைத் தட்டுல வைக்காம மேஜைவிரிப்பு மேலயே வச்சுத் தின்னுவாங்க. சர்வர் கறுப்பு அரைக்கோட்டும் வெள்ளை ஏப்ரனுமா வந்து, அந்தக் காகித விரிப்பு மேலயே கிறுக்கிக் கணக்கைக் கூட்டுவான். இங்க இலைக்கு வெளிய ஒரு பருக்கை சிந்தினா எனக்கு விழுற வசவு உனக்குத் தெரியும்.

என்னோட கட்டம்போட்ட லுங்கி ரெண்டு துவைச்சு வச்சிருக்கேன், பெட்டியில போட்டுக்க. குளிருக்குக் கழுத்துல சுத்து, நல்லா கசக்கிட்டுச் சுத்து. எங்க வாங்கினேன்னு அந்த ஊர்க்காரி எவளாவது கேட்டா தோளை மட்டும் குலுக்கு. காரைக்கால் சந்தைன்னு மட்டும் சொல்லிடாத, விலை இறங்கிடும்.