மூக்கால் குடிப்பவர்

"நான் குடிக்கிறவன் இல்ல தம்பி, ருசி பாக்கிறவன்" என்று யாராவது சொன்னால், அன்று சாயங்காலம் உங்களுக்கு வேறு வேலை ஓடாது என்று அர்த்தம்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அப்படி ஒரு சார் இருக்கிறார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சீமைச் சரக்குக்குப் பென்ஷன் இடம் கொடுக்காது. ஆகவே ஓல்ட் மங்க். பட்டாளத்து மைத்துனர் கேன்டீனில் வாங்கிக் கொடுத்தது. குட்டையும் குண்டுமான அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி வரும்போது, பிறந்த பேரனைக் காட்ட வருகிறாரோ என்றிருக்கும்.

மூடி திறக்குமுன் வரலாறு. 1855-ல் கசௌலி மலையில் டயர் என்கிற வெள்ளைக்காரர் போட்ட பீர் ஆலை. (ஜாலியன்வாலா பாக் டயர் இவர் பிள்ளைதான்.) அந்தக் கம்பெனி கைமாறி, 1954-ல் இந்த ரம் வந்தது. விளம்பரமே கிடையாது. கம்பெனியை நெடுங்காலம் நடத்திய கபில் மோகன் மதுவைத் தொட்டதில்லை என்பார்கள். எனக்கும் அன்று அதே கதிதான். டம்ளரில் இன்னும் சொட்டு விழவில்லை.

"ஏழு வருஷம் பீப்பாயில கெடந்தது. நீங்க ஏழு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?"

பொறுத்தேன். பீப்பாயில் இருக்கும்போது கொஞ்சம் ஆவியாகிவிடுமாம். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம்; நம் வெயிலுக்கு அதைவிட எவ்வளவோ கூட. அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர். இந்த வீட்டுத் தேவதை கண்ணில் பட்டால் முழுப் பாட்டிலும் வாஷ்பேசினுக்குத்தான். அதனால் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

ஒருவழியாக ஊற்றினார். இருமல் மருந்து மூடிக்குச் சற்றே கூடுதல். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சுழற்றினார். இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார், 42.8 சதவீதத்துக்கு அதுதான் கணக்காம். கோலா கேட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளப் பாக்கியைச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மோந்து பாருங்க. வெனிலா வருதா?"

"வருது சார்."

"அடியில வெல்லப்பாகு?"

"ஆமா சார்."

கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "அதுக்கும் அடியில... வறுத்த சீரகம், லேசாப் பெருங்காயம். அடடா! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் பிடிபடுது. மரத்தோட குணம் தம்பி!" உடனே டைரியில் தேதி போட்டு எழுதினார்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "ஏங்க, ரசம் தாளிச்சாச்சு. அந்தத் தம்பியும் சாப்பிடுதா?"

டைரியில் எழுதியதை அவர் அடிக்கவில்லை.

அந்தப் பாட்டில் போன தீபாவளிக்குத் திறந்தது. இன்னும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. உங்களுக்கும் அழைப்பு வரும். வந்தால் போங்கள். ரசம் பிரமாதம்.