பக்கத்துலதான் அண்ணன்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை உண்டு, ரயில் நிலையம் உண்டு. 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அப்புறம் தென்காசித் தம்பி, ஓசூர்ப் பொண்ணு, ராமநாதபுரத்துக்காரர் என்று தமிழ்நாடே இங்கே ரூம் தேட ஆரம்பித்தது. மாணவர்கள் இப்படிச் சேர்கிற எந்த ஊரிலும் ஒரு ஆசாமி கட்டாயம் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத பத்துப் பதினைந்து பேரைத் திரட்டி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளில் ஏற்றி, ‘ஊர் பாத்துட்டு வரலாம்’ என்று கிளப்பிவிடுவார். அவருக்குப் பொதுப் பெயர், பக்கத்துலதான் அண்ணன்.

வயதில் பெரியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வழி சொல்கிறவர் யாரானாலும் நமக்கு அண்ணன்தானே. வழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் அறிவிப்பு வரும். ‘நாளை ஷார்ப்பா அஞ்சரை. டீக்கடை எதிர்ல. சைக்கிள் இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம்.’ கவலை அங்கேதான் ஆரம்பம். அண்ணன் ஏற்பாடு செய்யும் சைக்கிள் பெரும்பாலும் கவர்மென்ட் சைக்கிள்தான். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-02-ல் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி ப்ளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்த திட்டத்தில் வந்த சைக்கிள். பிள்ளை ப்ளஸ் டூ முடித்ததும் அது வீட்டு வேலைக்கு வந்துவிடும். நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்ததில் பால்கேன் மாட்டுவதற்காகக் கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கி வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் குதிகாலுக்கு மேலே ‘டங்’கென்று ஒன்று விழும். அதே மாதிரி சைக்கிளில் வந்த முதலாண்டு மருத்துவ மாணவர், அடி விழுகிற இடத்தின் பெயரை அனாட்டமி புத்தகத்தில் இருக்கிறபடியே சொன்னார். அவர் படிப்பால் அன்றைக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

டீக்கடை வாசலில் அறிமுகப் படலம். ஆளுக்கொரு தடவை பெயர் சொல்வார்கள். யாருக்கும் ஞாபகம் நிற்காது. விக்கிரவாண்டிப் பக்கம் திரும்புவதற்குள் எல்லோருக்கும் வேறு பெயர் வந்திருக்கும். ஹெல்மெட், கியர் வண்டி, மஞ்சள் பனியன், பிஸ்கட் அக்கா. செயின் கழன்று, தெரியாத இரண்டு பேர் கையெல்லாம் கிரீஸாக ஒரே சக்கரத்தின் முன்னால் குந்தும்போதுதான் உண்மையான பெயரே வெளியே வரும்.

“எவ்ளோ தூரம்ணா?” என்று யாராவது கேட்பார்கள்.

“பக்கத்துலதான்.”

“கிலோமீட்டர்ல சொல்லுங்கண்ணா.”

“கிலோமீட்டர்லாம் பஸ்ஸுக்குப்பா. சைக்கிளுக்கு எதுக்கு?”

அன்றைக்குப் போன இடம் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. செஞ்சிப் பக்கம். அண்ணன் கணக்கில் அது ‘ரெண்டு மிதி’. ரெண்டு மிதி மிதித்து ஒரு மணி நேரம் ஆனபின், வரப்போரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் வழி கேட்டோம்.

“மண்டகப்பட்டா? இன்னும் போவணும்பா.”

“இன்னும் எவ்ளோ, பாட்டி?”

“போய்க்கினே இரு, வரும்.”

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா, பாட்டியும் பக்கத்துலதான்னு சொல்றாங்க.”

மண்டகப்பட்டு அவசியம் பார்க்க வேண்டிய இடம், அதைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசர் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் ஆளுக்கொரு அறை; மூன்றும் இப்போது காலி. இரண்டு முனையிலும் வாயிற்காவலர்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்தேன் என்று விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரில் அரசர் கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறார். வடமொழிக் கல்வெட்டு. கியர் வண்டிக்காரர் கூகுளில் தேடி அதன் பொருளைப் படித்துக் காட்டினார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். பம்ப் இல்லாமல், பேட்ச் பசை இல்லாமல், மேப் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் எங்களைக் கூட்டி வந்தவர் அவர். அவருக்கு ஒரு கல்வெட்டு பாக்கி இருக்கிறது. அந்த மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசம்’ என்று கேலி நாடகமும் எழுதியவர். அண்ணனைக் கண்டிருந்தால் இரண்டாம் பாகம் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

பாறை நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தவர்களை அண்ணன் விடவில்லை. வாயிற்காவலரைக் காட்டி, “ஆயிரத்து நானூறு வருஷமா நிக்கிறாரு. ரெண்டு மணி நேரம் மிதிச்சதுக்கே உக்காந்துட்டீங்களே!” என்றார்.

இனி வருவதுதான் அவருடைய தனித்திறமை. ‘வந்ததுதான் வந்தோம்’ என்று ஆரம்பிப்பார். வந்ததுதான் வந்தோம், தளவானூர்க் குடைவரையையும் பாத்துடலாம், பக்கத்துலதான். அங்கே போனால், பனைமலை. ராஜசிம்மன் கட்டிய கோயில், சுவரில் பார்வதி ஓவியம், விட்டுட்டுப் போனா மனசு கேக்காது. அதையும் ஒப்புக்கொண்டால் அடுத்தது செஞ்சி. கண்ணில் படுகிற மொட்டைப் பாறையெல்லாம் அவருக்குச் செஞ்சிக் கோட்டைதான். “அதோ தெரியுது பார்! யுனெஸ்கோக்காரனே 2025-ல ஒத்துக்கிட்டான், உனக்கு என்னப்பா?”

யுனெஸ்கோ ஒத்துக்கொண்டதும் உண்மை. அவர் காட்டிய பாறை செஞ்சி இல்லை என்பதும் உண்மை.

தளவானூரோடு எங்களைக் காப்பாற்றியது பஞ்சர். கியர் வண்டி, இறக்குமதி டயர், கருவேல முள். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் டியூபை உருவி, காற்றடித்து, அன்னக்கூடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பினார். குமிழி வந்த இடத்தை விரலால் அமுக்கிக்கொண்டு, “எங்கேர்ந்து வரீங்க?” என்றார். முண்டியம்பாக்கம் என்றோம். “பஸ் வுடறானே!” என்று நிஜமான கவலையோடு சொன்னார். அண்ணன் இதற்குப் பதில் சொல்லாமல் எல்லோருக்கும் மோர் வாங்கப் போய்விட்டார். அந்த மோருக்கும் பஞ்சருக்கும் இன்றுவரை அவர் கணக்குக் கேட்டதில்லை. அவர்மேல் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவதற்கு இந்த மாதிரி காரியங்கள்தான் காரணம்.

திரும்பும் வழியில் ஆலைப் புகைபோக்கி தெரிந்ததும், “வந்தாச்சு!” என்று அறிவித்தார். இந்தச் சமவெளியில் ஆலைப் புகைபோக்கி வெகுதூரத்திலிருந்தே தெரியும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. முன்னால் கரும்பு டிராக்டர் வரிசை, முந்தவும் வழியில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவள், ப்ளஸ் ஒன்னில் தனக்குக் கிடைத்த சைக்கிளையே அரியலூரிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த பெண். ஹெல்மெட்டும் கியரும் கடைசியில் வந்தன.

அன்று இரவு குரூப்பில் அத்தனை பேரும் ‘இனி ஜென்மத்துக்கும் இல்லைணா’ என்று எழுதினார்கள். ‘அடுத்த வாரம் மயிலம். பக்கத்துலதான்’ என்று பதில் வந்தது. காலைக்குள் ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். எட்டுப் பேர் பழைய ஆட்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் கூப்பிடுவார். தாராளமாகப் போங்கள். பம்பும் பேட்ச் பசையும் ரெண்டு லிட்டர் தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும். தூரத்தை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். மேப்பிலும் பார்க்காதீர்கள், பார்த்தால் கிளம்ப மாட்டீர்கள்.