சமர்த்துப் பிள்ளையின் தனியுரிமை

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குரிய கணினிக் கல்வி இரு கூறுகளை உடையது: ஒரு வேலையைப் படிப்படியாகப் பகுத்து, சொந்தப் புத்தி இல்லாத ஒரு பொறியும் பிழையின்றிச் செய்து முடிக்கும் வகையில் கட்டளையாக்கும் திறன் ஒன்று, தன்னைப் பற்றிய செய்திகளை இணையத்தில் யாரிடமும் உளறிக்கொட்டாதிருக்கும் எச்சரிக்கை மற்றொன்று. இவற்றுள் முதற்கூறே கடினமானது என்று அரசுகள் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளன. 1984-இல் 'கிளாஸ்' என்னும் நடுவண் அரசுத் திட்டம் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கென 22,931 திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. செயற்கை நுண்ணறிவும் கணிப்பியச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கும் என்று நடுவண் கல்வித் துறை 2025 அக்டோபரில் அறிவித்தது. பணமும் கவலையும் பெரிதும் இந்தப் பக்கமே செலவாகியிருக்க, சென்னை மந்தைவெளியில் ஒரு வாரம் தங்கி அங்குள்ள பிள்ளைகளையும் அவர்களைச் சூழ்ந்திருக்கும் பெரியவர்களையும் உற்றுநோக்கும் ஆய்வாளர் எவரும், கடினமானது எது என்பதில் அரசுகள் தலைகீழாக எண்ணிவிட்டன என்ற முடிவுக்கே வருவார்.

முதற்கூறுக்குரிய பாடம் வாசற்படியிலேயே கிடக்கிறது. செயின்ட் மேரீஸ் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில், அடுக்ககங்களுக்கு இடம்கொடுத்து வாசல்கள் சுருங்கிய பின்னும், மார்கழி மாதத்தில் ஒரு பெண் மற்றொருத்தியிடம் "பதினைந்து புள்ளி, எட்டு வரை, இடுக்குப் புள்ளி" என்று சொல்வதைக் கேட்கலாம். நடுவரிசையில் 15 புள்ளிகள் வைத்து, அதன் மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, ஒவ்வொரு புள்ளியும் முன்வரிசைப் புள்ளிகள் இரண்டின் இடுக்கில் விழுமாறு வைத்துக்கொண்டே போய், எட்டு வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருள். கணினி நூல்கள் நெறிமுறை என்றும், மடக்கு என்றும், நிறுத்த நிபந்தனை என்றும் மூன்று பாடங்களில் விளக்குவதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விடுகிறாள். கேட்டவளோ மறுநாள் விடியலில் 169 புள்ளிகளை, ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும், தரையில் இறக்கிவிடுகிறாள். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்பதால், வழியில் ஓரிடத்தில் திசை தவறினால் பிழை எங்கே நேர்ந்தது என்று பின்னோக்கித் தேடிச் செல்வதும், கண்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அங்கிருந்து மட்டும் திருத்திப் போடுவதும், அருகில் குந்தியிருக்கும் ஆறு வயதுச் சிறுமிக்குப் பழகிப்போன காட்சிகள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களை அணி இலக்கணங்களைக் கொண்டு விளக்கியது. அணி இலக்கணம் என்பது, சொற்களைக் கோத்துத் தொடர் ஆக்குவதுபோல், குறியீடுகளை நிரையும் நிரலுமாக அடுக்கி வடிவம் ஆக்கும் விதிகளின் தொகுப்பு. கணினி அறிவியலார் கோலத்தைப் படித்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கோலம் போடுகிறவர்கள் தங்களைக் கணினி தெரியாதவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அச்சடித்த ஒட்டுக்கோலத்தை வாங்கி வாசலில் ஒட்டுகிறவர்களோ தங்களை நவீனமானவர்கள் என்று கருதுகிறார்கள்.

இடர் முழுவதும் இரண்டாம் கூறில் உள்ளது. பெயர், முகவரி, பள்ளி, தொலைபேசி எண், பெற்றோரின் தொழில் ஆகியவற்றை அறியாதவரிடம் சொல்லக்கூடாது என்பது இணையப் பாதுகாப்பின் பாலபாடம். ஆனால் இந்த ஐந்தையும் கேட்ட மாத்திரத்தில் தடையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்கே மந்தைவெளி 'சமர்த்து' என்னும் பட்டத்தை வழங்குகிறது. மின்தூக்கியில் ஏறிய முதியவர், தாம் இறங்க வேண்டிய மூன்றாம் தளம் வருவதற்குள், உடன் வரும் குழந்தையிடம் எந்த வீடு, எந்த ஸ்கூல், அப்பாவுக்கு எங்கே வேலை, வீடு சொந்தமா வாடகையா என்று வினவி முடித்துவிடுவார்; வாடகை எவ்வளவு என்பது மட்டும் தளம் வந்துவிட்டதால் விடுபடலாம். விடை சொன்ன குழந்தை, கேட்கப்படாத செய்திகளையும், அதாவது அத்தை கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதையும், அப்பா இனிப்பை ஒளித்துவைத்துத் தின்பதையும், கூடுதலாக வழங்குவதுண்டு. விடை சொல்லாமல் தாயின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தையோ, இணையப் பாதுகாப்பு வல்லுநர் எவரும் மெச்சத்தக்க நடத்தையை வெளிப்படுத்தியபோதிலும், "கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும்" என்ற அனுதாபத்தையே பெறுகிறது.

காவல் துறையும் இக்குழப்பத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியுள்ளது என்று சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகாது. காணும் பொங்கலன்று மெரினாவில் திரளும் கூட்டத்தில் குழந்தைகள் தொலைந்துபோகாமலிருக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டி அனுப்புகிறார்கள். அறுபத்துமூவர் விழாவுக்கு மயிலாப்பூர் மாடவீதிக்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தையும், கையை விட்டுவிட்டால் யாரிடமாவது போய் வீட்டு விலாசத்தையும் அப்பாவின் நம்பரையும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒப்பிக்கவைக்கப்படுகிறது. அதே குழந்தை மறுவாரம் வகுப்பில் அதே எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுதிக்கொள்ளும்போது, இரண்டில் எது பொய் என்ற ஐயம் அதற்கு எழுவது நியாயமே. உண்மையில் இரண்டும் மெய். கூட்டத்தில் எண்ணைக் கேட்பவரின் முகம் தெரிகிறது, பத்தடி தூரத்தில் காவல் உதவி மையம் இருக்கிறது, கேட்டவர் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதைச் சுற்றியுள்ளோர் பார்க்கிறார்கள். திரைக்கு அப்பால் கேட்பவர் பன்னிரண்டு வயதுத் தோழனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டாலும் அதைச் சரிபார்க்கக் குழந்தையிடம் வழி ஏதுமில்லை, சொன்ன செய்தி எத்தனை பேரிடம் போகும் என்பதற்கும் கணக்கில்லை. இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போதும். ஆனால் 'சொல்லாதே' என்னும் ஒற்றைச் சொல்லைச் சுவரொட்டியில் அச்சடிப்பது அதைவிட எளிது என்பதால் சுவரொட்டியே வெல்கிறது.

கடவுச்சொல்லின் வரலாறு இவ்விடத்தில் ஆறுதல் தருவது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் 1961-இல் உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ, ஒருவர் கோப்பை மற்றவர் திறக்காதிருக்கக் கடவுச்சொல்லைப் புகுத்தினார். மறு ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்செடுத்துக்கொண்டார். எம்ஐடியிலேயே ஓராண்டு தாங்காத இரகசியம், மந்தைவெளிக் கூடத்தில் விருந்தினருக்குக் காபி வருமுன் வைஃபை கடவுச்சொல்லாக உரக்க அறிவிக்கப்படுவதில் வியப்பில்லை. தினசரி நாட்காட்டியின் அட்டையில் தாத்தா எழுதி வைத்திருக்கும் கடவுச்சொல்லைக் கண்டு பேத்தி அலறுவதுண்டு. எனினும் வீட்டுக்குள் தாளில் இருக்கும் சொல்லைத் தொலைதூரத் திருடன் படிக்க முடியாது என்பதும், பேரனின் பெயரோடு 123 சேர்த்த ஒரே சொல்லை வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் விளையாட்டுச் செயலிக்கும் பயன்படுத்துவதே பேரிடர் என்பதும் தாத்தாவுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் ஒருசேரச் சொல்லத்தக்க உண்மைகள். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவெண்ணான ஓடிபியை, காது மந்தம் காரணமாகத் தாமே உரக்கப் படித்து உறுதிசெய்துகொள்ளும் அவர் பழக்கத்தால், எதிர்வீட்டாரும் அதை அறிந்துவிடுகின்றனர் என்பது தனிச் சிக்கல்.

பிறந்த நாளை இணையத்தில் வெளியிடக்கூடாது என்ற விதியில் மட்டும் முதியவர்கள் முன்னோடிகள். பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த காலத்தில், பள்ளியில் சேர வந்த பிள்ளை தலைக்கு மேலாகக் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் வயது நிறைந்தது என்று தலைமையாசிரியர் முடிவுசெய்து, சேர்க்கைக்குத் தோதான ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதினார். அதனால் அத்தலைமுறையினர் பலரின் ஆவணப் பிறந்த நாளைத் திருடுகிறவனுக்கு உண்மைப் பிறந்த நாள் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சட்டம் ஒன்று 1998-இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் தரவைத் திரட்டப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றது முதல் செயலிகள் பலவும் பதின்மூன்றை நுழைவு வயதாக வைத்துள்ளன. எட்டு வயதுப் பிள்ளையோ ஆண்டுப் பட்டியலைக் கீழே உருட்டி ஒரு நொடியில் பதின்மூன்றைக் கடந்துவிடுகிறது. பள்ளிக்குள் நுழையத் தாத்தாவும் செயலிக்குள் நுழையப் பேரனும் ஒரே உத்தியைக் கையாண்டதைக் குடும்பப் பாரம்பரியம் என்றே கொள்ளலாம். காதைத் தொட்டுக் காட்டும் முறைக்கு இணையான வயதுச் சோதனை ஒன்றை நிறுவனங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை குழந்தை என்று வரையறுத்து, சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவைக் கோருகிறது. பெற்றோரின் செல்பேசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் குழந்தையே என்பதை அச்சட்டம் எங்ஙனம் கருதுகிறது என்பது வழக்கறிஞர்கள் ஆராய வேண்டியது.

இறுதியாக, அச்சமூட்டும் எதையேனும் திரையில் கண்டால் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பாடம் கூறுகிறது. இது சரியான அறிவுரை. திட்டாமல் கேட்கும் பெரியவர் ஒருவர் இருப்பது எல்லாக் கடவுச்சொற்களையும்விட வலிய காப்பு. அப்பெரியவரே, தன்னைக் காவல் அதிகாரி என்று சொல்லிக் காணொளி அழைப்பில் மிரட்டுகிறவனிடம் 'ஐயா' போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் பாடத்தில் இல்லாதது. அந்நிலையில் குழந்தை செய்யக்கூடியது தொடர்பைத் துண்டித்துவிட்டு எண்களை நினைவூட்டுவதாகும்: குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பத்து ஒன்பது எட்டு என்று இறங்குமுகமாக எண்ணினாலே வந்துவிடும், இணையப் பண மோசடிக்கான 1930-ஐ நினைவில் வைக்கவோ தமிழ்நாட்டில் தனி முயற்சியே தேவையில்லை, இராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ஆண்டு அது. தேர்வில் '1930 எதற்கு உரியது?' என்று கேட்கப்பட்டால், வரலாற்று விடைக்கும் காவல் துறை விடைக்கும் சம மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது நல்லது.