படியாது மதிப்பிடல்: சிவகிரி டீக்கடை பெஞ்சை முன்வைத்து ஓர் ஆய்வு

சர்ச்சைக்குரிய நூலொன்றைப் படிக்கலாமா கூடாதா என்று தமிழர் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதை இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. எல்லா ஆய்வேடுகளும் தத்தம் பொருளைப் பற்றி இதையே சொல்வதால் இதுவும் சொல்கிறது.

ஆய்வுக் களம் சிவகிரி. எந்தச் சிவகிரி என்ற ஐயம் எழும். நாராயண குருவின் சமாதி இருக்கும் வர்க்கலைச் சிவகிரி ஒன்று, ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி ஒன்று, ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிவகிரி ஒன்று. நம்முடையது மூன்றாவது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பிறகு இருந்த இடத்தைவிட்டு அசையாமலே தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. இந்தப் பத்திக்கும் ஆய்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. களம் பற்றி ஒரு பத்தி இல்லாவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டார்.

முதன்மைத் தரவு டீக்கடை பெஞ்சில் திரட்டப்பட்டது. சுருக்கக் குறியீடு: பெ. = பெஞ்சு, கா. = காலை அமர்வு, மா. = மாலை அமர்வு. இத்துறையின் மூல வாக்கியம் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் விவகாரம் பேப்பரில் அடிபட்ட நாட்களில் பதிவானது.

“அண்ணாச்சி, அந்தப் புத்தகத்தப் படிச்சியளா?”

“படிக்கக் கூடாதுன்னுதானடே சொல்லுதேன். படிச்சிட்டா எப்படிச் சொல்ல முடியும்?” (பெ. 2, கா.)

இதன் தருக்கத்தை வெல்ல மேலை நாட்டுக் கோட்பாடு எதனாலும் இயலவில்லை. இதை அடியொற்றி மதிப்பீட்டு நெறிகளை வகுக்கலாம்.

அட்டைவழி. அட்டையில் பெண் படம் இருந்தால் நூல் வீட்டுக்குள் வராது, சாமி படம் இருந்தால் நேரே பூஜை அறைக்குப் போய்விடும், ஆக, திறக்கப்படுவதில்லை.

ஆள்வழி. எழுதியவர் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்தல். இதற்கு மேல் விளக்கினால் இக்கட்டுரையும் சர்ச்சைக்குரியதாகிவிடும்.

அங்கதவழி. பக்கத்து ஊரைச் சொன்னால் நையாண்டி, நம்ம ஊரைச் சொன்னால் அவதூறு (பெ. 2, மா.; இதே கருத்து, ஊர்ப்பெயர் மட்டும் இடம் மாறி, பக்கத்து ஊர்ப் பெஞ்சிலும் கிடைக்கிறது).

படிவழி. நூலைப் படித்துப் பார்த்து முடிவு செய்தல். வட்டாரத்தில் தரவு இல்லை.

ஜெராக்ஸ்வழி. ஆய்வின் உயிர்நிலை இதுவே. ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. 2013இல் ஆங்கிலத்துக்கும் போனது. கதை நடக்கும் திருச்செங்கோட்டில் 2014 டிசம்பர் வரை யார் மனமும் புண்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு நாவலிலிருந்து பொறுக்கிய சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்து வினியோகிக்கப்பட்டன, மனங்கள் புண்பட்டன. முழு நூலால் நாலாண்டாக ஆகாத காரியம் சில தாள்களால் ஆயிற்று என்றால், அத்தாள்களைச் சுவடிக்கு நிகராக வைத்துப் பாடபேதம் பார்ப்பதே முறை.

பொதுவாக இவ்வகைப் படிகளில் முதல் நகல் அடிக்கோட்டுடன் பிறக்கிறது. கோடு போட்டவர் பக்கத்தின் மற்ற வரிகளைப் படித்திருக்கலாம். அவருக்குப் பின் எவரும் படிப்பதில்லை. இரண்டாம் நகலில் பக்க எண் ஓரத்தோடு வெட்டுப்படுகிறது. மூன்றாவதில் கோடு தடித்துக் கீழ்வரியை விழுங்கத் தொடங்குகிறது. நான்காவதில் யாரோ ஒருவர் ஓரத்தில் மூன்று ஆச்சரியக்குறி சேர்க்கிறார். இவை இடைச்செருகல் என்பார் ஒரு சாரார், மூலநூலிலேயே உள்ளவை என்பார் மறு சாரார். ஐந்தாம் தலைமுறை நகலில் எழுத்து முழுக்கக் கரைந்து, கோடும் ஆச்சரியக்குறியும் மட்டும் நிற்கின்றன. கோபம் உச்சத்துக்குப் போவது இந்நகலைக் கண்டபோதுதான் (பெ. 1, மா., சாரல் காலப் பதிப்பு, இடது ஓரத்தில் அமர்ந்தவர் கூற்று, அவர் மைத்துனர் சொல்லக் கேட்டது, வடை வந்தபின் செய்த திருத்தங்களுடன்).

இதைப் பாமரர் வழக்கம் என்று தள்ள வேண்டாம். சுவடியைப் பாராமல் அச்சுநூலையும், அச்சுநூலைப் பாராமல் இன்னொருவர் மேற்கோளையும், மேற்கோளின் அச்சுப்பிழையோடு சேர்த்து எடுத்தாளும் பேராசிரியர்கள் ஐந்தாம் நகலில்தான் வாழ்கிறார்கள். அவர்கள் ஆச்சரியக்குறிக்குப் பதில் அடிக்குறிப்பு போடுவார்கள், அவ்வளவே.

பொறுக்கி எடுக்கும் கலைக்கு முன்னோடிகள் இல்லையா என்றால், பக்கத்துக் குற்றாலத்திலேயே ஒருவர் இருந்தார். ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தை எடுத்துக்கொண்டு, தம் காதுக்குக் கவியென்று படாத பாட்டையெல்லாம் இது கம்பன் செய்ததல்ல என்று ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று பதிப்பித்தார். புலவர்கள் கொதித்தார்கள். அண்ணாவோ ‘கம்பரச’த்தில் எதிர்த்திசையில் போய், விரசம் என்று பட்டதை மட்டும் திரட்டிக் காட்டினார். ஒருவர் அரிசியை எடுத்தார், மற்றவர் கல்லை எடுத்தார். ஆனால் இருவரிடமும் ஒரு குறை உண்டு: பொறுக்குவதற்காகவே கம்பனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த அளவில் இருவரும் நம் மரபுக்கு அயலார்.

அதே குறை நீதிமன்றத்துக்கும் உண்டு. 12.1.2015 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில், மன்னிப்பும் கேட்டு, சர்ச்சைப் பகுதிகளை நீக்கி, விற்காத பிரதிகளையும் திரும்பப் பெறுவதாகப் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரும் அறிவித்தார். 5.7.2016 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலையே எடுத்துவைத்து அலசி, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டாது, பிடிக்காதவர் புத்தகத்தைத் தூக்கி எறியலாம், எழுத்தாளர் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. தூக்கி எறியலாம் என்ற யோசனையைப் பெஞ்சு ஏற்கவில்லை. எறிவதற்கு முதலில் கையில் எடுத்தாக வேண்டும் (பெ. 2, கா., ஒருமனதாக, பேப்பரின் நடுத்தாளைக் கையில் வைத்திருந்தவர் நீங்கலாக).

இறுதியாக, ஆணைவழி. சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ நூலை இறக்குமதி செய்ய 1988 அக்டோபரில் இந்திய அரசு தடை விதித்தது. அந்தத் தடையை எதிர்த்து 2019இல் ஒருவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தடை ஆணையைக் காட்டுங்கள் என்றால், சுங்கத்துறை முதலாக எந்த அதிகாரியாலும் அதை எடுத்துத் தர முடியவில்லை. அப்படியோர் ஆணை இல்லையென்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. நூலைப் படிக்காமல் தடுப்பது நம் மரபின் தொடக்கநிலை. தடுத்த ஆணையையும் எவரும் படிக்க முடியாமல் செய்தது அதன் முதிர்நிலை. இச்செய்தி பெஞ்சில் வாசித்துக் காட்டப்பட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆர்டரே இல்லையா? அப்ப முப்பத்தாறு வருசமா எதவே படிக்காம இருந்தோம்?” (பெ. 2, மா., டீ ஆறிய பின். மறுப்புரை சொல்ல வாயெடுத்தவர் புளியங்குடி பஸ் வந்ததால் பாதியில் எழுந்துவிட்டார்.)